விரும்பி ஏற்ற ஆபத்தும் பொதுப் பணமும்

மலேசியாவில் இரவு வேலை முடிந்து பட்டர்வொர்த்–கூலிம் விரைவுச்சாலையில் வீடு திரும்பும் ஒருவர், களைப்பில் ஒரு கணம் கண்ணயர்ந்து முன்னால் போகும் லாரியில் மோதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தவறு முழுக்க அவருடையது. ஆனாலும் அவர் எடுத்திருக்கும் முழுக் காப்புறுதி காரைச் சரிசெய்யப் பணம் தரும். அதே மனிதர், அதே காரை செப்பாங் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோகிறார். நன்றாகத் தூங்கி எழுந்திருக்கிறார், பிரேக் எண்ணெயைப் புதிதாக மாற்றியிருக்கிறார், தலைக்கவசம் அணிந்திருக்கிறார். எதிரே வண்டி வராத தடம், வளைவுக்கு வளைவு கொடியோடு ஆட்கள். அங்கே கார் சறுக்கித் தடுப்பில் இடித்தால், வழக்கமான காப்புறுதி ஒரு ரிங்கிட்கூடத் தராது.

கவனக்குறைவுக்குக் காப்பு உண்டு, கவனத்தோடு இறங்கிய காரியத்துக்குக் கிடையாது. முதல் பார்வைக்கு அறம் தலைகீழாக நிற்பதுபோல் இருக்கிறது. பட்டறைகளில் இளைஞர்கள் இதைச் சொல்லிக் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த முரணைக் கொஞ்சம் தோண்டினால், காப்புறுதி நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தை விடப் பழைய கேள்வி ஒன்று கிடைக்கிறது. ஒருவர் தெரிந்தே, விரும்பியே ஏற்ற ஆபத்தின் இழப்பில் மற்றவர்களுக்குப் பங்கு உண்டா?

காப்புறுதிப் பத்திரத்தின் அட்டவணையில் பயன்பாட்டு வரம்புகள் பற்றி ஒரு சிறு பத்தி இருக்கும். ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும் அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. சொந்தத் தேவைக்கும் குடும்பத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும் தன் தொழிலுக்கும் காரை ஓட்டலாம். வாடகைக்கோ, பந்தயத்துக்கோ, வேகச் சோதனைக்கோ ஓட்டினால் காப்பு இல்லை என்பது அதன் சாரம். இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டமும் இதே கோட்டைத்தான் போடுகிறது. நிறுவனம் தன் பொறுப்பை மறுக்க அனுமதிக்கும் காரணங்களில் ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் அடங்கும்.

செப்பாங் திடல் 1999இல் திறக்கப்பட்டது. 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். அந்த ஆண்டு முதல் 2017 வரை ஃபார்முலா 1 பந்தயம் அங்கே நடந்தது. பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். உலகச் சாம்பியன்கள் ஓட்டிய அதே தாரில், ‘ட்ராக் டே’ என்ற பெயரில் சாதாரண மனிதர்களும் கட்டணம் கட்டித் தங்கள் மைவி காரையோ சாகா காரையோ ஓட்டிப் பார்க்கலாம். தமிழ் இளைஞர்களுக்கு இந்த ஆசை புதிதும் இல்லை. கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் நடிகர் அஜித் குமாரின் கார் தடுப்பில் மோதிச் சிதைந்தது. அவர் காயமின்றி இறங்கி வந்ததையும், சில நாள்களில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்ததையும் கைப்பேசியில் பார்க்காத தமிழ்ப் பிள்ளைகள் குறைவு.

தடத்தில் இறங்குமுன் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். காயமோ மரணமோ சேதமோ நேர்ந்தால் திடலின் மீதும் ஏற்பாட்டாளர்கள் மீதும் கோரிக்கை வைக்க மாட்டேன் என்ற ஒப்புதல் அது. இப்படி ஒரு பக்கம் திடல் கைகழுவிவிடுகிறது, மறுபக்கம் காப்புறுதி விலகிக்கொள்கிறது. நடுவில் ஓட்டுபவர் தன் விருப்பத்தோடு தனியாக நிற்கிறார். இது கொடுமையா, நேர்மையா?

பட்டர்வொர்த் ஒரு துறைமுக ஊர் என்பதால் விடையைக் கடலிலிருந்து தொடங்கலாம். இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் காப்புறுதியை விடப் பழையது. ரோடஸ் தீவின் கடல் வழக்கம் என்ற பெயரில் ரோமச் சட்டத் தொகுப்பு ஒரு விதியைப் பதிவு செய்திருக்கிறது. புயலில் கப்பலைக் காப்பாற்ற ஒருவரின் சரக்கைக் கடலில் எறிந்தால், அந்த இழப்பைக் கப்பலில் சரக்கு வைத்திருக்கும் அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்த விதி இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ சிக்கிக்கொண்டு மீட்கப்பட்ட பிறகு, கப்பலின் உரிமையாளர்கள் இதே விதியின்படி சரக்கின் சொந்தக்காரர்களிடம் பங்கு கேட்டார்கள். வடக்கு பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில் இறங்கும் ஒவ்வொரு பெட்டியும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் கடல் கடக்கிறது.

பங்கு கேட்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஆபத்து எல்லோருக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும். இழப்பு எல்லோருடைய நன்மைக்காகவும் ஏற்பட்டிருக்க வேண்டும். ஒரு வணிகர் தன் மூட்டையைத் தன் மகிழ்ச்சிக்காகக் கடலில் வீசினால் அடுத்தவர் எதற்குக் காசு தர வேண்டும்?

கண்ணயர்ந்தவருக்குப் பணம் ஏன் கிடைக்கிறது என்பது இங்கேதான் விளங்குகிறது. களைப்பு, மறதி, கண நேரத் தடுமாற்றம் ஆகியவை மனிதப் பிறவியோடு ஒட்டியவை. பிரீமியம் கட்டும் ஒவ்வொருவரும் நாளைக்கு அந்த இடத்தில் இருக்கலாம். மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள். அந்த ஆபத்திலிருந்து யாரும் தன்னைக் கழித்துக்கொள்ள முடியாது. பொதுப் பானையில் நாம் போடும் பணம் இந்தப் பொதுப் பலவீனத்துக்கானது. பதினைந்து வளைவுகளின் இன்பம் அப்படிப் பொதுவானதில்லை. அதைத் தேர்ந்தவர் சிலர். அவர்களுடைய தேர்வில் தவறு எதுவும் இல்லை. ஆனால் செலவை, அந்தத் தடத்தை ஒருநாளும் பார்க்கப் போகாத பாகான் டாலாம் பள்ளி ஆசிரியையின் பிரீமியத்தில் ஏற்றுவது வேறு விஷயம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வேக வெறியைத் தீர்த்துக்கொள்ள நள்ளிரவில் பினாங்குப் பாலத்துக்குப் போகாமல் நானூறு கிலோமீட்டர் தாண்டித் திடலுக்குப் போகிறவர் சமூகத்துக்கு நன்மை செய்கிறார். மோட்டார் சைக்கிளில் சாலைப் பந்தயம் நடத்தும் ரெம்பிட் கும்பல்களைச் சாலையிலிருந்து தடத்துக்கு வரவழைக்க வேண்டும் என்று அரசியல்வாதிகளே பேசியிருக்கிறார்கள். அப்படியானால் அவரைத் தனியே விடுவது தகுமா? இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அது கேட்பது புதிய பானை ஒன்றை. பழைய பானையிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமையை அது நிறுவவில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒரு நாளுக்கென்றே ட்ராக் காப்புறுதி தனியாக விற்கிறார்கள். தடத்தில் ஓட்டுபவர்கள் மட்டும் கட்டி, தடத்தில் இடித்தவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளும் கணக்கு அது. சேதத்தில் ஒரு பகுதியை ஓட்டுநரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். ஒரே ஆபத்தை விரும்பியவர்கள் ஒருவருக்கொருவர் தோள் கொடுக்கும் இந்த ஏற்பாடு அறத்தோடு முழுக்கப் பொருந்துகிறது. மலேசியாவில் அதைக் கேட்டுப் போராடுவது, பத்திரத்தின் ஓட்டையைத் தேடுவதை விட மேலான வேலை.

முஸ்லிம் அறிஞர்கள் இந்தப் பானைக் கேள்வியைக் கூர்மையாகக் கேட்டார்கள். 1972இல் மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு, அன்றைய வடிவிலான ஆயுள் காப்புறுதி இஸ்லாமிய ஒப்பந்த நெறிக்கு ஒவ்வாது என்று முடிவு செய்தது. நிச்சயமின்மை, சூது, வட்டி ஆகிய மூன்றும் அதில் கலந்திருப்பதே காரணம். அதன் தொடர்ச்சியாக 1984இல், இஸ்லாமியப் பரஸ்பரக் காப்பு முறையான தக்காஃபுலுக்குச் சட்டம் வந்தது, 1985இல் முதல் நிறுவனம் செயல்படத் தொடங்கியது. தக்காஃபுலில் கட்டும் தொகையின் ஒரு பங்கு ‘தபர்ரு’, அதாவது சக உறுப்பினரின் துன்பத்துக்கென மனமுவந்து தரும் கொடை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் தொழும் ஒரு பினாங்குத் தமிழ் முஸ்லிமுக்கு இது வெறும் கணக்கு முறை இல்லை, நிய்யத்தோடு, அதாவது மனத்தில் உறுதிசெய்த எண்ணத்தோடு, தந்த பணம். துன்பத்துக்கென்று ஒருவர் தந்த கொடையை வேறொருவர் விளையாட்டின் விலையாக்குவது தந்தவரின் எண்ணத்தையே மீறும் செயல்.

நம் கோயில் வாசலில் இதே கேள்வி வேறு உருவத்தில் நிற்கிறது. புதுக் கார் வாங்கினால் பட்டர்வொர்த்திலும் சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை. ஆயுத பூசையன்று பட்டறைகளில் கருவிகளுக்கும் பொட்டு. இவ்வளவு செய்தும் கார் நொறுங்கினால் வரும் முதல் சொல் ‘விதி’. இரண்டாவது சொல் ‘வினை’. இரண்டுமே ஆறுதலாகச் சொல்லப்படுபவை, ஆனால் இரண்டுமே பொறுப்பைக் காற்றில் கரைத்துவிடக்கூடியவை.

சைவ சித்தாந்தம் வினையை அவ்வளவு மொத்தையாகப் பார்ப்பதில்லை. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. சஞ்சிதம் சேர்ந்து கிடப்பது. பிராரத்தம் இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்தது. ஆகாமியம், அப்படி அனுபவிக்கும்போதே நாம் புதிதாகச் சேர்த்துக்கொள்வது. வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துவிடும் இந்தப் பிரிவினை, விபத்து நடந்த சாயங்காலத்தில் பெரிய உதவி செய்கிறது. டயர் ஏன் அந்த வளைவில் பிடி விட்டது, மழை ஏன் அந்த நிமிடம் வந்தது என்பதையெல்லாம் பிராரத்தம் என்று நம்புகிறவர் நம்பட்டும். அடுத்து அவர் செய்யப்போவது ஆகாமியம். அது முழுக்க அவர் கையில் இருக்கிறது.

அந்தச் சாயங்காலம் ஒரு ஆசை வரும். நொறுங்கிய காரை லாரியில் ஏற்றி, வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை ஓரம் எங்கோ சறுக்கியதாகச் சொல்லிவிடலாமா? மலேசியச் சட்டப்படி விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் தர வேண்டும். முகப்பில் அமர்ந்து இடத்தையும் நேரத்தையும் சொல்லும் அந்தச் சில நிமிடங்களில்தான் இந்தக் கட்டுரையின் முழுக் கேள்வியும் அடங்கியிருக்கிறது. “நாமளும் இத்தனை வருசம் கட்டியிருக்கோமே, ஒரு தடவை எடுத்தா என்ன?” என்று யாராவது நண்பர் பக்கத்திலிருந்து சொல்வார்.

காரை ஆராய வரும் மதிப்பீட்டாளரை ஏமாற்றுவதும் எளிதில்லை. முன் பம்பரின் துளையில் இழுவைக் கொக்கி திருகப்பட்டிருக்கும். விளக்குகளில் கண்ணாடி சிதறாமல் இருக்க ஒட்டிய டேப்பின் பசை மிச்சமிருக்கும். டயரின் தோள்பட்டையில் ரப்பர் உருகிச் சுருண்டு, தடத்தில் கிடந்த துகள்கள் ஒட்டியிருக்கும். சூட்டில் நீலம் பாரித்த பிரேக் வட்டு, அடித்தட்டில் சிக்கிய சரளை எல்லாம் சாட்சி சொல்லும். பிடிபட்டால், ஏமாற்றுதலைப் பற்றிய குற்றவியல் தொகுப்பின் 420ஆம் பிரிவும், அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் தருவதைப் பற்றிய 182ஆம் பிரிவும் பாயக்கூடும். பிடிபடாவிட்டாலும் என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். கார் சேதம் ஓட்டியவரின் இழப்பாக இருந்தது. பொய் சொன்ன நொடியில் அது முகம் தெரியாத ஆயிரம் பேர் மீது ஏற்றிய கடனாகிவிடுகிறது. வினைக்கணக்கில் நம்பிக்கை உள்ளவர் இதற்கு அஞ்ச வேண்டும். இல்லாதவரும் வெட்கப்பட வேண்டும்.

ஒரு சோதனை உதவும். தடத்தில் கடிகாரம் இல்லை, வெற்றியாளர் இல்லை, ஆகவே இது பந்தயமே இல்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. தெளிவற்ற சொல்லை அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே படிக்க வேண்டும் என்பது நீதிமன்றங்களின் பழைய வழக்கம் என்பதால், சில இடங்களில் அந்த வாதம் நிற்கவும்கூடும். ஆனால் முதல் நாளே ஏஜெண்டுக்கு அழைத்து, நாளை காரைச் செப்பாங்கில் ஓட்டப் போகிறேன், காப்பு உண்டா என்று கேட்க, அப்படி வாதிடுபவருக்கு மனம் வந்ததா? வந்திருந்தால் அவருடைய வாதம் நேர்மையானது. வராமல் போனதென்றால் விடை அவருக்கு அப்போதே தெரியும்.

இதுவரை பேசியது சொந்தக் காரின் சேதம். அடுத்தவர் உடலில் பட்ட காயம் என்று வரும்போது அறம் திசை மாறுகிறது, சட்டமும் கூடவே மாறுகிறது. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. அடிபட்டவரிடம் ஓட்டியவரின் குணச் சான்றிதழைச் சட்டம் கேட்பதில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2004இல் ஸ்வரன் சிங் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. ஓட்டுநர் பத்திர நிபந்தனையை மீறியிருந்தாலும், தக்க வழக்குகளில் நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு மீறியவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 2025 ஜூலையில் அதே நீதிமன்றம் நாணயத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. கர்நாடகத்தில் அசுரவேகத்தில் கார் ஓட்டித் தானே உயிரிழந்தவரின் குடும்பம் கேட்ட இழப்பீட்டை மறுத்தது. அந்த விபத்துக்கு அவரே காரணம் என்றது. இறந்தவரின் வீட்டார் அழும் அழுகைக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை என்று தோன்றலாம். ஆனால் இரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கேட்காமலே காயம்பட்டவருக்குச் சமூகம் கடன்பட்டிருக்கிறது. தானே தேடிக்கொண்டவருக்கு அந்தக் கடன் இல்லை.

வாழ்க்கை இவ்வளவு சுத்தமாக இரண்டாகப் பிரிவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு மெய்யியலாளர்கள் ‘அறத்தில் அதிர்ஷ்டம்’ பற்றி விவாதித்தார்கள். ஒரே அளவு அலட்சியத்தோடு இருவர் ஓட்டுகிறார்கள், ஒருவர் முன்னால் குழந்தை குறுக்கிடுகிறது, மற்றவர் முன்னால் யாரும் வருவதில்லை. முதலாமவர் கொலைப்பழி சுமக்கிறார், இரண்டாமவர் வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிறார். வினைக் கொள்கையில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் புதிர் பழக்கமானது. ஆனால் மேற்கத்தியர் திகைத்து நின்ற இடத்தில் நாம் அவசரப்பட்டு ‘அவன் வினை’ என்று முடித்துவிடுகிறோம். திகைப்பதே அங்கே நேர்மை.

விருப்பம் என்பதும் நாம் நினைக்கும் அளவுக்குத் தனிமனிதச் சொத்து இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சென்னைப் பந்தயத் தடத்தில் 2023 ஜனவரியில் 59 வயது ஓட்டுநர் ஒருவர் விபத்தில் இறந்தார். அனுபவசாலி. ஆபத்தை அறிந்தே பல ஆண்டுகள் ஓட்டியவர். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தடத்தில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். இரண்டு மரணங்களையும் ‘விரும்பி ஏற்றது’ என்ற ஒரே சொல்லால் அளப்பது மனசாட்சிக்கு ஒவ்வாது. பதின்மூன்று வயதில் ஆசை இருக்கும், திறமையும் இருக்கும். ஆனால் மரணத்தைக் கணக்கில் எடுத்துச் சம்மதிக்கும் வயது அது ஆகாது. சம்மதித்தவர்கள் பெரியவர்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து செப்பாங் போகும் இளைஞரின் கதையிலும் பெரியவர்கள் உண்டு. மலேசியாவில் கார் கடன் 9 ஆண்டுகள் வரை நீளும். 1967 வாடகைக் கொள்முதல் சட்டப்படி கடைசித் தவணை முடியும்வரை காரின் உரிமையாளர் வங்கிதான். கடனுக்குப் பிணையாகக் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் அப்பாவோ அண்ணனோ. தடத்தில் கார் இரும்புக் குவியலானாலும் மாதத் தவணை நிற்காது. என் கார், என் உயிர், என் விருப்பம் என்று சொல்லும்போது இந்த மூன்றில் முதலாவது பாதி உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய் என்று கேட்ட அப்பாவுக்குச் சரியான பதில் கிடைத்ததா என்பதும் இங்கே அறக்கேள்விதான். பக்கத்து இருக்கையில் ஏறி உட்காரும் நண்பனின் நிலை இன்னும் சிக்கலானது. தனியார் காரில் வரும் பயணிக்கான பொறுப்பைக் கட்டாயக் காப்புறுதி பொதுவாகச் சாலையிலேயே உள்ளடக்குவதில்லை, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். தடத்தில் கேட்கவே வேண்டாம்.

கட்டாயக் காப்புறுதியின் கோடு எதுவரை நீளும் என்று ஐரோப்பா ஏழு ஆண்டுகள் தலையைப் பிய்த்துக்கொண்டது. 2007இல் ஸ்லொவேனியாவில் ஒரு பண்ணையில் வைக்கோல் கட்டுகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோது, பின்னோக்கி வந்த ட்ராக்டரின் இழுவண்டி ஏணியில் இடித்து ஒருவர் கீழே விழுந்தார். 2014இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், தனியார் நிலத்தில் நடந்தாலும் கட்டாயக் காப்புறுதி இதற்குப் பொருந்தும் என்றது. பந்தயத் தடங்கள் பதறின. அதே தர்க்கம் தங்கள் மீதும் பாயும் என்று அஞ்சின. 2021இல் வந்த ஒன்றியச் சட்டத் திருத்தம் ஒரு வழி கண்டது. எல்லை வகுக்கப்பட்ட திடலில் நடக்கும் மோட்டார் விளையாட்டுக்குக் கட்டாயக் காப்புறுதியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் பார்வையாளர் உள்ளிட்ட மூன்றாம் தரப்பினருக்கு ஏற்பாட்டாளர் மாற்றுக் காப்பு எடுத்திருக்க வேண்டும். ஓட்டுபவரின் உடலும் காரும் அதில் அடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிரிட்டன் 2022இல் தனிச்சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பின் விளைவிலிருந்தே விலகிக்கொண்டது.

ஐரோப்பியத் திருத்தம் காட்டும் பிரிவினையை மலேசியத் திடல்களிலும் கேட்டு வாங்க வேண்டும். வளைவில் கொடியோடு நிற்கும் மார்ஷல்கள் பல பந்தயங்களில் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். 2001 மார்ச்சில் மெல்பர்ன் ஃபார்முலா 1 பந்தயத்தில் கழன்று பறந்த டயர் அடித்து இறந்தவர் அப்படியொரு தன்னார்வலர். ட்ராக் டேக்குப் பணம் கட்டும் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடுமுன் முகப்பில் கேட்கலாம்: என் கார் தடத்தை விட்டு வெளியே பாய்ந்தால், அங்கே நிற்பவருக்கு யார் பொறுப்பு, எந்தப் பத்திரத்தின்படி, எவ்வளவு தொகைக்கு? பதிலை எழுத்தில் தர மறுக்கும் ஏற்பாட்டாளரிடம் கட்டணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும்.